பச்சிளம் உடலில் பச்சை குத்திய டிராகன்: ஓர் இந்தோனேசிய ஓவியரின் குறியீடுகள்

ஒரு கைக்குழந்தை. பிறந்து சில வாரங்களே ஆகியிருக்கலாம். கண்களை மூடித் தூங்குகிறது. கழுத்து மடிப்பு, உதட்டின் ஈரம், நெற்றியில் படிந்த மெல்லிய முடி எல்லாம் அப்படியே தெரிகின்றன. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் யாரோ தன் பிள்ளையை நல்ல கேமராவில் படமெடுத்துப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்போம். அடுத்த நொடியில்தான் அது கண்ணில் படுகிறது. குழந்தையின் தோல் முழுவதும் பச்சை குத்தப்பட்டிருக்கிறது. செதிலும் நகமும் மீசையுமாக ஒரு டிராகன் அந்தப் பிஞ்சு உடலைச் சுற்றி வளைந்து கிடக்கிறது.

இது புகைப்படம் அல்ல, ஓவியம். தீட்டியவர் இந்தோனேசியாவின் ஹாரிஸ் பூர்னோமோ. 1956-இல் மத்திய ஜாவாவில் பிறந்து, யோக்யாகார்த்தா நுண்கலைக் கல்லூரியில் பயின்றவர். பச்சை குத்திய குழந்தை என்ற இந்த ஒரே பொருளை அவர் திரும்பத் திரும்ப, பல ஓவியங்களில் வரைந்திருக்கிறார். ஆகவே ஒரு தனி ஓவியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் அந்த வரிசை முழுவதையும் ஒரே ஓவியமாகக் கருதி, அதில் வரும் குறியீடுகளை இங்கே பார்க்கிறோம்.

வாசகர்களில் சிலருக்குத் தொடக்கத்திலேயே ஒரு கேள்வி எழும். உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவதை மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் தடுத்திருக்கும்போது, ஒரு குழந்தையின் ஓவியத்தைப் பற்றி நாம் ஏன் எழுத வேண்டும்? நியாயமான கேள்விதான். இந்தோனேசிய முஸ்லிம் ஓவியர்களிடையேயும் இந்தத் தயக்கம் உண்டு. ஆச்சேவில் பிறந்த ஏ.டி. பிரௌஸ் போன்றவர்கள் உருவங்களை விட்டு, குர்ஆன் எழுத்துகளை அடிப்படையாகக் கொண்ட ஓவியத்தைத் தம் வழியாக எடுத்துக்கொண்டார்கள். 1991-லும் 1995-லும் ஜகார்த்தாவில் நடந்த இஸ்திக்லால் விழாக்கள் அந்தக் கலைக்குப் பெரிய மேடை அமைத்துத் தந்தன. ஹாரிஸ் பூர்னோமோ போனது வேறு வழி. அவர் வழி சரியா என்று தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. ஆனால் அவர் ஓவியம் எழுப்பும் கேள்வி நம்முடைய மார்க்கத்தின் மையத்தைத் தொடுகிறது. செய்யாத குற்றத்தின் அடையாளத்தை ஒரு மனிதன் மேல் யார் குத்துவது? அதைச் சுமப்பது யார்?

புகைப்படம் போல வரைவது ஏன்?

முதலில் இந்த வரைமுறையைப் பற்றிச் சில வார்த்தைகள். ஃபோட்டோரியலிசம் எனப்படும் பாணி 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் உருவானது. ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொண்டு அதன் ஒவ்வொரு விவரத்தையும் தூரிகையால் துணியில் கொண்டுவருவது இதன் முறை. அங்கே அவர்கள் கடைக் கண்ணாடிகளையும் கார்களையும் உணவகங்களையும் வரைந்தார்கள். உணர்ச்சியை வெளிக்காட்டாத, கேமராவைப் போலக் குளிர்ந்த பார்வை அது.

இந்தோனேசியாவில் அதே பாணிக்கு வேறு வேலை கிடைத்தது. காரணம் அந்நாட்டின் வரலாறு. டச்சு ஆட்சியின்போது மலை, வயல், தென்னை என்று அழகிய காட்சிகளை மட்டும் வரைந்து ஐரோப்பியருக்கு விற்ற ஓவியங்களை, எஸ். சுஜோயோனோ என்ற ஓவியர் 1930-களிலேயே கடுமையாகச் சாடினார். மக்களின் உண்மையான வாழ்க்கையை வரையுங்கள் என்பது அவர் வாதம். விடுதலைக்குப் பிறகு அந்த யதார்த்த ஓவிய மரபின் பெரும்பகுதி இடதுசாரிக் கலை அமைப்பான லெக்ராவைச் சார்ந்து வளர்ந்தது. 1965-இல் எல்லாம் தலைகீழானது. லெக்ரா தடைசெய்யப்பட்டது, ஓவியர்கள் சிறை சென்றார்கள். ஹெந்த்ரா குணவான் என்ற புகழ்பெற்ற ஓவியர் பதின்மூன்று ஆண்டுகள் சிறையிலேயே இருந்தார். அதன்பின் ஏழையையும் தொழிலாளியையும் வரைவதே சந்தேகத்துக்குரிய செயலாகிவிட்டது. அழகான, அர்த்தம் பிடிபடாத அருவ ஓவியங்களே பாதுகாப்பானவை என்ற நிலை வந்தது.

இதை எதிர்த்து இளைஞர்கள் கிளம்பினார்கள். 1974 டிசம்பரில் ஜகார்த்தாவில் நடந்த பெரிய ஓவியக் கண்காட்சியின் பரிசு முடிவுகளைக் கண்டித்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ‘கறுப்பு டிசம்பர்’ என்று அது அழைக்கப்படுகிறது. கையெழுத்திட்ட மாணவர்கள் சிலர் கல்லூரியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அடுத்த ஆண்டே ‘புதிய நுண்கலை இயக்கம்’ என்ற பெயரில் கண்காட்சி நடத்தினார்கள். இந்தச் சூழலில்தான் தெதே எரி சுப்ரியா, ஜகார்த்தாவின் கட்டடத் தொழிலாளர்களையும் ரிக்‌ஷாக்காரர்களையும் அட்டைப்பெட்டிகளின் முடிவில்லாச் சந்துகளில் சிக்கிய மனிதர்களையும் புகைப்படத் துல்லியத்துடன் வரையத் தொடங்கினார். ஹாரிஸ் பூர்னோமோவும் இதே தலைமுறை. 1977-இல் யோக்யாகார்த்தாவில் அவர் சேர்ந்திருந்த குழுவின் பெயரே ஒரு கேள்வி: ‘கெப்ரிபாதியான் அபா?’ தமிழில், ‘என்ன தனித்தன்மை?’ இந்தோனேசியத் தனித்தன்மையைக் காட்டுங்கள் என்று பெரியவர்கள் ஓயாமல் வலியுறுத்திய காலத்தில், எந்தத் தனித்தன்மை என்று திருப்பிக் கேட்டார்கள்.

யதார்த்தத்தைக் காட்டுவதே குற்றமாகப் பார்க்கப்பட்ட நாட்டில், புகைப்படம் போல வரைவது ஒரு சாட்சியத்தின் தன்மையைப் பெற்றுவிடுகிறது. ‘நான் கற்பனை செய்யவில்லை, இருப்பதைத்தான் வரைந்தேன்’ என்று ஓவியர் சொல்ல முடியும். ஹாரிஸ் பூர்னோமோ இந்த நம்பகத்தன்மையை எடுத்துக்கொண்டு, உலகில் எங்குமே நடக்காத ஒன்றை அதற்குள் வைக்கிறார். பிறந்த குழந்தைக்கு யாரும் பச்சை குத்துவதில்லை. ஆனால் நம் கண் அதை நம்பிவிடுகிறது. அந்த ஒரு கணத் திடுக்கிடலில்தான் ஓவியத்தின் பலம் முழுவதும் இருக்கிறது. அரூபமாகவோ கேலிச்சித்திரமாகவோ வரைந்திருந்தால் நாம் இவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டோம்.

1983-இல் பச்சை குத்தியிருப்பதன் பொருள்

பச்சை குத்திய உடல் இந்தோனேசியர் ஒருவருக்கு, அதுவும் நடுத்தர வயதைக் கடந்த ஒருவருக்கு, எதை நினைவூட்டும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த ஓவியத்தைப் படிக்க முடியாது.

1983 தொடக்கத்தில் யோக்யாகார்த்தாவில் ரவுடிகள் எனப் பட்டியலிடப்பட்டவர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படத் தொடங்கினார்கள். பிறகு செமாராங், ஜகார்த்தா என்று ஜாவாவின் நகரங்களுக்கும் அதற்கு அப்பாலும் இது பரவியது. பெரும்பாலும் ஒரே மாதிரி. இரவில் அடையாளம் தெரியாத ஆட்கள் வண்டியில் வந்து ஒருவரை அழைத்துப் போவார்கள். காலையில் ஆற்றங்கரையிலோ சாலையோரத்திலோ உடல் கிடக்கும். கைகள் கட்டப்பட்டிருக்கும், உடலில் குண்டுக் காயம் இருக்கும். சில உடல்கள் சாக்கில் கட்டிப் போடப்பட்டிருக்கும். ‘பெனெம்பாக்கான் மிஸ்தெரியுஸ்’, அதாவது மர்மத் துப்பாக்கிச் சூடு என்ற சொற்களைச் சுருக்கி மக்கள் இதற்கு ‘பெத்ருஸ்’ என்று பெயர் வைத்தார்கள். 1985 வரை நீடித்த இந்தப் படுகொலைகளில் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள் என்றே மதிப்பிடப்படுகிறது. ஒருவர்கூட நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை.

கிடைத்த உடல்கள் பலவற்றில் பச்சை குத்தியிருந்தது. செய்தி பரவியதும் பச்சைதான் மரணத்துக்கான அடையாளச் சீட்டு என்று மக்கள் நம்பத் தொடங்கினார்கள். சிறையில் இருந்தபோது குத்திக்கொண்டவர்கள், கப்பல் வேலைக்குப் போன இடத்தில் குத்திக்கொண்டவர்கள், இளமை விளையாட்டில் குத்திக்கொண்டவர்கள் எல்லோரும் அஞ்சினார்கள். சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தோலைத் தீய்த்துக்கொண்டவர்களும், அமிலம் ஊற்றி அழித்துக்கொண்டவர்களும் உண்டு. தீய்ந்த வடுவே பிறகு சந்தேகத்துக்குக் காரணமாகிவிடும் என்ற அச்சமும் இருந்தது. திருந்தி வாழ்ந்தவனுக்கும் தொழில்முறைக் கொலைகாரனுக்கும் தோல் ஒன்றுதானே.

இது கும்பல்களுக்கு இடையிலான சண்டை என்றுதான் அரசு முதலில் சொன்னது. 1989-இல் வெளியான தன்வரலாற்று நூலில் அதிபர் சுகார்தோ வேறு விதமாகச் சொன்னார். குற்றவாளிகளுக்கு எதிரான நடவடிக்கை அது என்றும், உடல்கள் அப்படியே போடப்பட்டது மற்றவர்களுக்கு ‘அதிர்ச்சி வைத்தியம்’ கொடுப்பதற்காக என்றும் அவரே விளக்கினார். உடலைப் புதைத்து மறைக்கவில்லை, பார்ப்பதற்காகவே வைத்தார்கள். அரசு இங்கே மனித உடலை ஓர் அறிவிப்புப் பலகையாகப் பயன்படுத்தியிருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டு மீண்டும் அந்தக் குழந்தையைப் பாருங்கள். தூங்குகிறதா, இல்லை… என்ற ஐயம் வரும். மூடிய கண்கள், அசைவற்ற உடல், தோலில் பச்சை. 1983-இல் ஜாவாவின் தெருவோரங்களில் மக்கள் கண்டது இதே மூன்றும்தான். ஓவியரின் குழந்தைகள் எல்லாமே இறந்த உடல்கள் என்று நாம் சொல்லவில்லை. அந்த ஐயத்தை அவர் தெரிந்தே விட்டுவைத்திருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது.

குழந்தை எதன் குறியீடு?

பொதுவாகக் கலை விமர்சகர்கள் இந்தக் குழந்தையை அதிகாரத்தின் முன் கையாலாகாமல் கிடக்கும் குடிமகனின் குறியீடாகப் பார்க்கிறார்கள். அது சரிதான். ஆனால் ஒரு முஸ்லிம் வாசகருக்கு இதில் இன்னோர் அடுக்கு தெரிய வேண்டும்.

ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ரா எனும் இயற்கை நெறியில்தான் பிறக்கிறது, பெற்றோர்தான் அதை மாற்றுகிறார்கள் என்ற கருத்தமைந்த நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் இதைச் சிறு வயதிலிருந்தே கேட்டிருப்போம். ஆனால் அந்த ஹதீஸின் பிற்பகுதியை நாம் அவ்வளவாக எடுத்துப் பேசுவதில்லை. அதில் நபி (ஸல்) அவர்கள் ஓர் உவமை சொல்கிறார்கள்: கால்நடை ஈனும் குட்டி முழுமையான உடலோடுதான் பிறக்கிறது, காது அறுக்கப்பட்ட நிலையில் எதுவும் பிறப்பதில்லை. அன்றைய அரபிகள் தங்கள் நேர்ச்சைகளுக்காகக் கால்நடைகளின் காதை அறுத்து அடையாளமிடுவார்கள். உடலில் உள்ள குறி பிறகு மனிதனால் இடப்படுவது. படைத்தவன் அதை இட்டு அனுப்புவதில்லை என்பது உவமையின் பொருள்.

ஹாரிஸ் பூர்னோமோ இந்த ஹதீஸை மனத்தில் வைத்து வரைந்தார் என்று நாம் கூற மாட்டோம். ஆனால் ஜாவாவின் முஸ்லிம் கிராமச் சூழலில் இந்த எண்ணம் எல்லோருக்கும் பொதுச் சொத்து. குழந்தை பிறந்ததும் காதில் பாங்கு சொல்வதும், ஏழாம் நாள் அகீகா கொடுத்து முடி இறக்குவதும் அங்கேயும் நடக்கின்றன. 35-ஆம் நாள் உற்றாரை அழைத்து விருந்து வைக்கும் ஜாவா வழக்கமும் உண்டு. இப்படி வரவேற்கப்படும் தூய உயிரின் மேல், எவனோ ஒருவனின் ஊசி முன்கூட்டியே வேலை செய்திருக்கிறது என்பதுதான் ஓவியத்தில் நம்மைத் தைப்பது.

பச்சை குத்துவது இஸ்லாத்தில் தடுக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். குத்திவிடுபவரும் குத்திக்கொள்பவரும் சாபத்துக்குரியவர்கள் என்ற ஹதீஸ் ஆதாரப்பூர்வமானது. அப்படியானால் இந்தக் குழந்தை? இந்தக் கேள்வியை ஓவியர் கேட்பதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இமாம் நவவி (ரஹ்) எடுத்துப் பேசியிருக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விளக்கவுரையில், சிறுமியாக இருக்கும்போது பச்சை குத்தப்பட்ட பெண்ணைப் பற்றிக் குறிப்பிடும் அவர்கள், பாவம் குத்தியவரைச் சேரும், சிறுமியைச் சேராது என்கிறார்கள். காரணம், அந்த வயதில் அவள் மார்க்கக் கடமைகளுக்குப் பொறுப்பானவள் அல்ல. இந்தோனேசிய முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். தமிழ் முஸ்லிம்களிலும் கணிசமானோர் அப்படியே. இரு சமூகங்களின் மத்ரஸாக்களிலும் இமாம் நவவியின் நூல்கள் ஓதப்படுகின்றன. ஆக, ஓவியத்தின் மையக் கேள்விக்கு நம் பாடநூலிலேயே விடை இருக்கிறது. தோலில் இருக்கும் குறி, அதைச் சுமப்பவர் குற்றம் செய்தார் என்பதற்கு ஆதாரம் ஆகாது. பெத்ருஸ் படுகொலைகளைச் செய்தவர்களும் கைதட்டியவர்களும் (கைதட்டியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், ரவுடிகளால் மக்கள் அவ்வளவு அவதிப்பட்டிருந்தார்கள்) மறந்தது இதைத்தான்.

பிறப்பிலேயே வரும் குறி

பச்சை என்பதை மைக்குறியாக மட்டும் எடுத்துக்கொண்டால் ஓவியம் பாதிதான் புரியும். சுகார்தோவின் ‘புதிய ஒழுங்கு’ ஆட்சியில் மை இல்லாமலேயே குழந்தைகள் மேல் குறி விழுந்தது.

1965 – 66-இல் கம்யூனிஸ்டுகள் என்ற பெயரில் கொல்லப்பட்டவர்கள் 5 லட்சம் பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதற்கு மேல் என்பாரும் உண்டு. லட்சக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறைப்பட்டனர். விடுதலையாகி வந்த பிறகும் அவர்களுடைய அடையாள அட்டையில் ‘முன்னாள் அரசியல் கைதி’ என்பதைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் பொறிக்கப்பட்டன. வேலை கேட்டாலும் வீடு கேட்டாலும் அந்த எழுத்துகளே முதலில் பேசின. அத்துடன் நிற்கவில்லை. ‘தூய சுற்றம்’ என்று பொருள்படும் ஒரு கொள்கையின்படி, அவர்களுடைய பிள்ளைகளும் உறவினரும்கூட அரசுப் பணி, ராணுவம், ஆசிரியர் வேலை போன்றவற்றிலிருந்து விலக்கப்பட்டார்கள். 1965-இல் பிறந்தே இராதவர்களும் இதில் அடக்கம். தந்தையை ஒருநாளும் பார்த்திராத பிள்ளை, தந்தையின் பெயரால் ‘தூய்மையற்றவன்’ ஆனான்.

ஒருவர் செய்த குற்றத்துக்கு இன்னொருவரைப் பொறுப்பாக்கக் கூடாது என்பது குர்ஆன் பல அத்தியாயங்களில் மீண்டும் மீண்டும் வலியுறுத்தும் நெறி. உலகின் மிகப் பெரிய முஸ்லிம் சமூகங்களில் ஒன்று வாழும் நாட்டில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதற்கு நேர்மாறானது சட்டம்போல் நடைமுறையில் இருந்தது. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1965 – 66 கொலைகளில் ராணுவத்தோடு சேர்ந்து முஸ்லிம் இளைஞர் அமைப்புகளைச் சேர்ந்தவர்களும், குறிப்பாகக் கிழக்கு ஜாவாவில், பங்கெடுத்தார்கள். நஹ்லத்துல் உலமாவின் தலைவராக நீண்ட காலம் இருந்து பின்னர் அதிபரான அப்துர்ரஹ்மான் வாஹித், 2000-இல் இதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஆனாலும் கேட்டார்.

முஸ்லிம்களும் அந்த ஆட்சியால் பாதிக்கப்பட்டவர்களே. 1984 செப்டம்பரில் தஞ்சோங் பிரியோக்கில் தொழுகையிடம் ஒன்றில் தொடங்கிய பிரச்சினை ராணுவத் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. 1989-இல் லாம்புங் மாகாணத்தின் தலங்சாரியில் ஒரு முஸ்லிம் குடியிருப்பே தாக்கப்பட்டது. அவர்கள் மேல் குத்தப்பட்ட பச்சையின் பெயர் ‘தீவிரவாதி’. அதன் பிள்ளைகளும் அதைச் சுமந்தார்கள். ஓவியத்தில் இருப்பது எந்தத் தரப்பின் குழந்தை என்று சொல்ல முடியாதபடி ஓவியர் விட்டிருப்பது நல்லதே.

டிராகன் ஏன்?

பச்சையாக எதை வேண்டுமானாலும் வரைந்திருக்கலாம். டிராகனை அதிகமாக எடுத்துக்கொண்டதற்கு நேரடியான காரணம், ஜாவாவின் ரவுடிகளும் சிறைக்கைதிகளும் விரும்பிக் குத்திக்கொண்ட உருவங்களில் அதுவும் ஒன்று. பலசாலி என்று காட்டிக்கொள்ள உதவும் விலங்கு. அதைக் கை முஷ்டியை இன்னும் மூடிப் பழகாத பிள்ளையின் மேல் பார்க்கும்போது, பலம் யாருடையது என்ற கேள்வி வருகிறது.

சொல்லிலேயே ஒரு செய்தி இருக்கிறது. இந்தோனேசிய மொழியில் டிராகனுக்குப் பெயர் ‘நாகா’. நமக்குத் தெரிந்த அதே நாகம்தான். வடமொழியிலிருந்து அங்கே போய், பாம்பு என்ற பொருளைத் தாண்டி டிராகனாக வளர்ந்திருக்கிறது. ஜாவாவின் கிரிஸ் கத்திகளில் நாகம் செதுக்கப்பட்டிருக்கும். கேமலான் இசைக்குழுவின் பெரிய மணித்தட்டைத் தாங்கும் சட்டத்திலும் இரண்டு நாகங்கள் இருக்கும். அங்கே அது காவல் காக்கும் உயிர். ஆகவே குழந்தையைச் சுற்றிக்கொண்டிருக்கும் டிராகன் அதை விழுங்க வந்ததா, காக்க வந்ததா என்பதும் உறுதியாகத் தெரியாது.

பச்சையில் வரும் டிராகனோ சீன உருவம். இதுவும் கனமான விஷயம். 1967-இல் வந்த அதிபர் ஆணை ஒன்று, சீனர்கள் தம் சமயச் சடங்குகளையும் வழக்கங்களையும் பொது இடத்தில் வெளிப்படுத்தக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. புத்தாண்டு டிராகன் நடனம் தெருவிலிருந்து மறைந்தது. தெருவில் ஆடத் தடைசெய்யப்பட்ட டிராகன், ரவுடியின் முதுகில் மட்டும் தடையின்றி வாழ்ந்தது என்பது விந்தைதான். 1998 மே மாதக் கலவரத்தில் சீன வம்சாவளியினரின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்களுக்குப் பிறப்பே ஒரு பச்சைக்குறியாக இருந்தது. 2000-இல் அந்தப் பழைய ஆணையை ரத்து செய்தவரும் அதே அப்துர்ரஹ்மான் வாஹித்தான். தாத்தா ஹாஷிம் அஷ்அரி நஹ்லத்துல் உலமாவை நிறுவியவர்களில் முதன்மையானவர். பேரன் சீனப் புத்தாண்டைத் தெருவுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

இன்னொரு சொல்லையும் பார்த்துவிடலாம். மலாய், இந்தோனேசிய மொழிகளில் ‘ராஜா’ என்று நம் காதில் விழக்கூடிய ‘ரஜஹ்’ என்ற சொல் உண்டு. தாயத்தில் எழுதப்படும் எழுத்து, கட்டம் போன்றவற்றுக்கு அது பெயர். உள்ளங்கை ரேகைக்கும் அதே சொல். அதிலிருந்து பிறந்த வினைச்சொல்லுக்குப் பச்சை குத்துதல் என்று பொருள். காப்பு, விதி, பச்சை மூன்றும் ஒரே சொல்லில். தாயத்து நம்பிக்கையை நாம் ஏற்பதில்லை. ஆனால் அந்த மொழியில் வளர்ந்த ஒருவர் பச்சை குத்திய குழந்தையைப் பார்த்தால், இது இதன் தலையெழுத்து என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள் என்று ஏன் உணர்கிறார் என்பதற்கு இச்சொல் ஒரு துப்பு.

மென்தாவாய் தீவு மக்களிடமும் போர்னியோவின் தயாக் மக்களிடமும் பச்சை குத்துவது தொன்று தொட்டு மரியாதைக்குரிய அடையாளமாக இருந்ததும் இங்கே குறிப்பிடத்தக்கது. அதே நாட்டில் ஒரு தீவில் கண்ணியமாக இருந்தது இன்னொரு தீவில் மரணச் சீட்டானது.

அழிப்பது

அண்மை ஆண்டுகளில் இந்தோனேசியாவில் மார்க்கத்தின் பக்கம் திரும்பும் இளைஞர்கள் பச்சையை அழித்துக்கொள்ள முன்வருகிறார்கள். முஸ்லிம் மருத்துவ அறக்கட்டளைகள் லேசர் மூலம் இலவசமாக அழித்துக் கொடுக்கின்றன. அப்படிச் செய்யும் ஓர் அமைப்பு பணத்துக்குப் பதிலாக அர்ரஹ்மான் அத்தியாயத்தை மனனம் செய்யச் சொல்வது உலகச் செய்திகளிலும் இடம்பெற்றது. இஸ்திரிப் பெட்டியால் தோலைத் தீய்த்துக்கொண்ட 1983-ஐ நினைத்தால் இது எவ்வளவு தூரம்!

ஆனால் நாட்டின் மேல் விழுந்த குறியை அழிப்பது அவ்வளவு எளிதாக இல்லை. பெத்ருஸ் படுகொலைகள் கடுமையான மனித உரிமை மீறல் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2012-இல் முடிவு செய்தது. வழக்கு நடக்கவில்லை. 2023 ஜனவரி 11 அன்று அதிபர் ஜோகோ விடோடோ, கடந்த காலத்தின் 12 கடுமையான மனித உரிமை மீறல்கள் நடந்தது உண்மை என்று அரசின் சார்பில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். 1965 – 66 கொலைகள், பெத்ருஸ், தலங்சாரி, 1998 மே கலவரம் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. கிழக்கு ஜாவாவின் பன்யுவாங்கியில் 1998 – 99-இல் சூனியக்காரர்கள் என்ற பெயரில் பலர் கொல்லப்பட்டதும் அதில் உண்டு. அவர்களில் குர்ஆன் ஓதிக் கொடுக்கும் உஸ்தாதுகளும் இருந்தார்கள். வருத்தம் தெரிவித்தார்; மன்னிப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை.

பாதிக்கப்பட்டோருக்கான உதவித் திட்டத்தை அதே ஆண்டு ஜூனில் ஆச்சேவின் பிடீ மாவட்டத்தில் உள்ள ரூமோ கெடோங் என்ற இடத்தில் அவர் தொடங்கி வைத்தார். ஆச்சே போரின்போது ராணுவம் மக்களை அடைத்துச் சித்திரவதை செய்த வீடு அங்கே இருந்தது. வீடு 1998-லேயே மக்களால் எரிக்கப்பட்டுவிட்டது. படிக்கட்டும் சுவரின் சில பகுதிகளும் எஞ்சியிருந்தன. விழாவுக்கு முன்பாக அவையும் இடித்து அகற்றப்பட்டன. அந்த இடத்தில் நினைவுப் பூங்காவும் ஒரு பள்ளிவாசலும் கட்டப்படும் என்று அறிவித்தார்கள். இடிக்காமல் வைத்திருக்க வேண்டும், அது சாட்சி என்று மனித உரிமை அமைப்புகள் சொன்னபோது சுவர்கள் ஏற்கெனவே போய்விட்டிருந்தன.